மடிப்பொலி எண்ட சொல்லுக்கு நான் சொல்ற கருத்து

என்ட கிளியா,

பனிச்சங்கேணி ஆத்தில தோணி கவிழ்ந்து நீ போய் இந்த மாரியோட ஆறு வருசம். இவ்வளவு காலமும் நான் உனக்கு ஒரு வரி எழுதல்ல. மூண்டாம் வகுப்போட பள்ளிக்கூடம் விட்டவள் நான், எழுத்துக் கூட்டி முடிக்கிறதுக்குள்ள கை நோகுது. ஆனா இண்டைக்கு எழுதாமப் படுத்தா எனக்கு நித்திரை வராது. நெஞ்சுக்குள்ள நெருப்பு நிக்குது மனே. பக்கத்து வீட்டுப் புள்ளைட்ட கொப்பித்தாள் கிழிச்சு வாங்கி, பின்னேரத்தில இருந்து எழுதிக்கொண்டிருக்கிறன். இதை மடிச்சுப் பெட்டிக்கடியில வைக்கப் போறதில்லை. ஆர் கேட்டாலும் வாசிக்கக் குடுப்பன். அதனாலதான் உனக்குத் தெரிஞ்ச சங்கதியையும் விளக்கமா எழுதுறன், குறை நினையாதே.

நம்மட பள்ளிக்கூடத்துக்கு ஒரு புது மாஸ்டர் வந்திருக்கிறார். ஆத்துக்கு அங்கால டவுண் பக்கத்துப் பொடியன், உன்ட வயசுதான் இருக்கும், நீ இருந்திருந்தா. இப்ப நெற்கதிர் சூடு மிதிக்க ட்ரக்டர் வந்திட்டு, எருமை கட்டுற ஆக்களும் குறைஞ்சிட்டு, சூடு மிதிக்கிற களவெட்டியில பேசின பழைய சொல்லெல்லாம் அழிஞ்சு போகுதாம். அதுகளை எழுதிச் சேத்துப் புத்தகமா அடிக்கப் போறாராம். வீடு வீடா வாறார். என்னட்டயும் வந்தார். நல்ல பொடியன்தான், பாயில இருந்து சக்கரை கடிச்சுத் தேத்தண்ணி குடிச்சார். நானும் எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னன். மறுகா கொப்பியைப் புரட்டிக்கொண்டு கேட்டார்:

"அம்மா, மடிப்பொலி எண்டா என்ன?"

கையில இருந்த சிரட்டையைக் கீழ வச்சன். "உங்களுக்கு ஆர் சொன்ன?" எண்டன்.

"எல்லாரும் சொல்றாங்களே. நேத்து வகுப்பில ஒருத்தன் மற்றவன்ட பென்சிலை எடுத்திட்டான். பறிகொடுத்தவன் ஓடி வந்து, 'சேர், இவன் மடிப்பொலி' எண்டு அழுறான். நல்ல சொல்லா இருக்கே எண்டு கூப்பன் கடையில கேட்டன். கடைக்காரர் கருத்தும் சொன்னார்." எண்டிட்டு வாசிச்சார். நான் அதை அப்படியே மனசில பிடிச்சு வச்சிருக்கிறன்: மடிப்பொலி, சில்லறைக் களவு. முற்காலத்தில் களவெட்டியில் வேலை செய்த பெண்கள் நெல்லைச் சீலை மடியில் ஒளித்துக்கொண்டு போனதால் உண்டான சொல்.

"அதை வெட்டுங்க" எண்டன்.

"ஏனம்மா? பிழையா?"

"வெட்டுங்க எண்டு சொல்றன்."

அவர் சிரிச்சார். "அம்மாக்குக் கோபம் வந்திட்டுது. இது ஆரையும் குறிச்சு எழுதினதில்லை. பழைய சொல். நூறு இருநூறு வருசம் இருக்கும்."

நூறு வருசமாம் கிளியா! அந்தச் சொல்லுக்கு இன்னும் பத்து வயசு முடியல்ல. அது பிறந்த இடத்தில நான் நிண்டன். நீயும் நிண்டாய். அண்டைக்குத் தாய்ட வயித்தில கிடந்த புள்ளையள் இண்டைக்கு வகுப்பில பென்சிலுக்கு அந்தச் சொல்லைச் சொல்லுதுகள், படிச்ச மனிசன் அதை ராசா காலத்துச் சொல் எண்டு எழுதிக்கொண்டு போறார். "வெள்ளிக்கிழமை வாங்க, நான் சொல்றன்" எண்டு அனுப்பிப்போட்டன். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ரெண்டு நாள் கிடக்கு.

முதல் அந்தக் கடைக்காரன்ட வாய்க்கு மறுமொழி சொல்றன். ஒளிச்சுக் கொண்டு போனமாம். களவெட்டிக்குள்ள பொம்புளையள் நாங்க கால் வைக்கிறதே இல்லை. வைக்கோல் புரியால சுத்தி எல்லை போட்டிருப்பாங்க, அதுக்கு வெளியிலதான் எங்கட வேலை. சிந்தின கதிர் பொறுக்குவம், பதர் புடைப்பம், உழைக்கிறவங்களுக்குச் சோறு காய்ச்சுவம். கூலி எண்டு ஒண்டும் பேசுறதில்லை. எல்லாம் அளந்து நிறைஞ்சாப் பிறகு, வயலுக்குச் சொந்தக்காரரான போடியாருக்காக வயலையும் வேலையாக்களையும் பாக்கிற முல்லைக்காரன் ஒரு சுளகு நிறைய அள்ளிக்கொண்டு எல்லைக்கு வருவார். நாங்க வரிசையா நிண்டு சீலை மடியை விரிப்பம். கொட்டுவார். அளவில்லை, எண்ணிக்கையில்லை. களவெட்டிக்குள்ள நெல்லைப் பொலி எண்டுதான் சொல்றது, மடியில விழுற பொலி மடிப்பொலி. இதுதான் கருத்து. நல்ல வெயிலுக்க, போடியார் பாத்துக்கொண்டிருக்க, எருமைகூடப் பாத்துக்கொண்டிருக்க வாங்கினது. எங்கம்மா வாங்கினா, நான் வாங்கினன். உங்கப்பாவைப் பாம்பு கடிச்ச வருசம், ஆறு வயசுப் புள்ளையா நீ என்ட சீலையைப் பிடிச்சுக்கொண்டு நிக்க வாங்கினன். அந்த மாரி முழுக்க நாம திண்டது அதைத்தான்.

களவு எண்டா என்னெண்டு தெரியாம வளந்தவன் நீயெண்டு ஆரும் சொல்லேலாது. ஏழு வயசில ஒருநாள் பக்கத்து வீட்டுப் பொன்னியக்காட தாராக் கூட்டுக்குள்ள கைவிட்டு ஒரு முட்டை எடுத்துக்கொண்டு வந்தாய். "தாரா தந்த அம்மா" எண்டாய். நடக்க முந்தியே பேசத் துவங்கினவன் நீ, அதாலதானே உனக்குக் கிளியன் எண்டு பேர். அண்டைக்கு அந்தப் பேச்சுக்குச் சிரிச்சிருக்கலாம். நான் சிரிக்கல்ல. கொள்ளிக்கட்டையை எடுத்து உன்ட வலக்கைப் புறங்கையில வச்சன். பொன்னியக்கா ஓடி வந்து, "அடி மூதேவி, ஒரு முட்டைக்கா புள்ளைட கையைச் சுட்ட? எனக்கு வேணாம்டி உன்ட முட்டை!" எண்டு அழுதா. தகப்பனில்லாத புள்ளை கெட்டுப் போயிடும் எண்ட பயம் எனக்கு. பயத்தில செய்ததுக்கு ஒழுக்கம் எண்டு பேர் வச்சன். அது பிழை மனே. அந்தத் தழும்பு உன்னோட வளந்துது. அதுக்குப் பிறகு நீ ஆத்தங்கரையில விழுந்து கிடந்த தூண்டிக்கம்பியைக்கூட எடுக்கமாட்டாய், "ஆர்ட?" எண்டு ஊரெல்லாம் கேட்டுத் திரிவாய்.

அப்படிப்பட்ட உன்னைத்தான்.

பழைய போடியார் செத்து, டவுணில படிச்ச மகன் வந்து நிண்ட முதல் நெல்வெட்டு அது. கழுசானும் செருப்புமா நேரா களவெட்டிக்குள்ள வந்தான். கணவதி அண்ணன், அவர்தான் முல்லைக்காரன், கையெடுத்துக் கும்பிட்டு, "போடியார், செருப்பை மட்டும் வெளியில விட்டிட்டு வாங்க" எண்டு கெஞ்சித்தான் கழட்ட வச்சார். களவெட்டிக்குள்ள அவ்வளவு கட்டுப்பாடு. அளக்கக்குள்ள ஒண்டு எண்டு துவங்கப்படாது, லாபம் எண்டு துவங்கவேணும். இல்லை, காணாது, முடிஞ்சுது எண்ட சொல்லெல்லாம் புரிக்கு வெளியில நிக்கவேணும். களவு எண்ட சொல் வரவே கூடாது. எதிர்த்துக் கதைக்கப்படாது, சண்டை பிடிக்கப்படாது. பூதங்கள் சுத்திவர நிண்டு காது குடுத்துக் கேக்குமாம். பிழையா ஒரு சொல் விழுந்தாப் போதுமாம், பொலியை அள்ளிக்கொண்டு போயிடுமாம். நாம எல்லாரும் அதை நம்பினம். நானும் நம்பினன்.

உனக்கு இருபது வயசு. முதல் தரமா களவெட்டிக்குள்ள வேலை. பொலி அளந்து நிறைஞ்சுது. நாங்க அஞ்சு பொம்புளையள் எல்லையில நிக்கிறம். புதுப் போடி ஓம் எண்டும் சொல்லல்ல, வேணாம் எண்டும் சொல்லல்ல, மருத மரத்துக்குக் கீழ போய் நிண்டு இளநீர் குடிக்கிறான். கணவதி அண்ணன் சுளகைக் கையில வச்சுக்கொண்டு அவன்ட முகத்தைப் பாக்கிறார், எங்களைப் பாக்கிறார், அசையிறாரில்லை. வெயில் மண்டையைப் பிளக்குது. பொன்னியக்கா பொறுக்கேலாம, "என்ன தம்பி, பூதம் உங்கட கையைப் பிடிச்சுக்கொண்டிருக்கோ?" எண்டா. எல்லாரும் சிரிச்சாங்க. நீதான் எழும்பி வந்தாய். "தாங்க மாமா, நான் கொட்டுறன். எனக்குப் பூதம் இன்னும் பழக்கமில்லை" எண்டு சுளகை வாங்கி அள்ளினாய். பொன்னியக்காக்குக் கொட்டினாய், மற்ற மூண்டு பேருக்கும் கொட்டினாய், கடைசியா என்னட்ட வந்தாய். "அம்மா, மடியை நல்லா விரிங்க. பிச்சைக்கு நிக்கிற மாதிரி நிக்கிறீங்க." சுளகைப் பிடிச்சிருந்த உன்ட புறங்கையைப் பாத்தன், நான் வச்ச தழும்பு தெரிஞ்சுது. அந்தக் கையாலதான் கொட்டினாய்.

அவன் மரத்தடியில இருந்து வந்தான். "ஆர் சொல்லி அள்ளின?"

"வழமைதானே போடியார்" எண்டாய் நீ. மரியாதையாத்தான் சொன்னாய்.

"என்ட பொலியில உனக்கென்ன வழமை? இதுக்குப் பேர் கள..."

கணவதி அண்ணன் பாய்ஞ்சு வந்து அவன்ட கையைப் பிடிச்சார். "ஐயோ போடியார்! அந்தச் சொல்லை மட்டும் இஞ்ச சொல்லிப்போடாதீங்க. உங்களுக்குத்தான் கூடாது."

அவனுக்குச் சிரிப்பு வந்திட்டு. அந்தச் சிரிப்பை நான் சாகுமட்டும் மறக்கமாட்டன். "அப்ப உங்கட பாசையில இதை என்னெண்டு சொல்ற?" எண்டு கிறுகி என்னைப் பாத்தான். "நீ சொல்லு. உன்ட மடியில கிடக்கிறது என்ன?"

"மடிப்பொலி போடியார்."

"ஆ, மடிப்பொலி! நல்ல பேர். இனி நானும் அப்படியே சொல்றன். உன்ட மகன் நல்லா மடிப்பொலி எடுப்பான் போல கிடக்கு."

நிண்ட ஆம்புளையள் சிரிச்சாங்க. போடி சிரிக்கிறான் எண்டு சிரிச்சாங்க, அவ்வளவுதான். நீ வாயைத் திறந்தாய். கணவதி அண்ணன் உன்ட தோளில கைவச்சு, "களவெட்டிக்குள்ள எதிர்த்துக் கதைக்காத மருமகன், பொலிக்குக் கூடாது" எண்டார். நீ வாயை மூடினாய். நாங்களும் மூடினம். இதை நினைச்சாத்தான் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோணுது. ஆர்ட பொலிக்காக வாயை மூடினம் கிளியா? நம்மட பொலியா? அவன்ட பொலியைப் பூதம் கொண்டு போகாமக் காப்பாத்துறதுக்கு நம்மட புள்ளையைக் குடுத்திட்டு நிண்டம். அவன் செருப்போட வந்தவன், அவனுக்குப் பூதமும் தெரியாது, புரியும் தெரியாது. பயந்தது நாமதான். இப்ப ட்ரக்டர் வந்து உழக்கிக்கொண்டு போகுது, ஓட்டுறவன் தூசணத்தில பேசுறான், ஒரு பூதமும் வரக் காணல்ல. அழிஞ்சு போகுது எண்டு மாஸ்டர் கவலைப்படுறார். அழியட்டும்!

அடுத்த நாள் விடிய அந்தச் சொல் நமக்கு முன்ன ஆத்தைக் கடந்திட்டு. தோணித்துறையில ஒருத்தன் உன்னைக் கண்டிட்டு மடியை இறுக்கிப் பிடிச்சு, "கவனம்டா, மடிப்பொலி வாறான்" எண்டானாம். கோழி காணாமப் போனா மடிப்பொலி. தேங்காய் விழுந்தது காணல்லையெண்டா மடிப்பொலி. களுதாவளைக் கோயில் தீர்த்தத்துக்குப் போன இடத்தில, நம்மளை ஆரெண்டே தெரியாத பொம்புளை ஒருத்தி தன்ட புள்ளையைப் பாத்து, "தட்டில கைவையாதே, மடிப்பொலியா நீ?" எண்டா. நீ எனக்குப் பக்கத்தில கற்பூரம் பிடிச்சுக்கொண்டு நிண்டாய். அந்த வருசத்துக்குப் பிறகு உன்னை ஒரு களவெட்டிக்கும் கூப்பிடல்ல. ஆத்தில வலைக்குப் போனாய், வலையில மீன் குறைஞ்சா உன்ட முகத்தைப் பாத்தாங்க. கிளியன் எண்டு பேர் வச்ச புள்ளை, சோறு வேணுமா எண்டு கேட்டாலும் தலையைத்தான் ஆட்டினாய்.

உன்னோடயும் எனக்குக் கோபம்தான், ஏன் மறைப்பான்? ஒருத்தன்ட சட்டையைப் பிடிச்சிருக்கலாம். புரிக்கு வெளியில வந்து நிண்டு, "ஓம், வழமையைத்தான் செய்தன், உங்கட தாய்மாரும் வாங்கினதுதானே" எண்டு கத்தியிருக்கலாம். இருக்கிற புள்ளையளுக்கு நான் சொல்றது இதுதான்: உங்களுக்கு ஒருத்தன் பேர் வச்சா அவடத்தையே மறுத்துப்போடுங்க, விடியட்டும் எண்டு விட்டா ஊர் அதைப் பாடமாக்கிப்போடும். உனக்கு நான் அதைச் சொல்லித் தரல்ல. கொள்ளிக்கட்டை வைக்கத்தான் எனக்குத் தெரிஞ்சுது. மூண்டு வருசம் பொறுத்தாய். மறுகா ஒருநாள் துணியைச் சுத்திக்கொண்டு, "பனிச்சங்கேணியில ஒரு மீன்வாடிக்கு ஆள் தேடுறாங்களாம், போயிட்டு வாறன்" எண்டாய். ஐப்பசியில போனாய், மார்கழி வாடைக்காத்தில தோணி கவிழ்ந்துது.

உன்னை எடுக்க நான் வாகரை வண்டியில பனிச்சங்கேணிக்குப் போனன். அந்த மீன்வாடிக்காரர் வயசான மனிசன். என்னைக் கண்டு அழுதிட்டு, "பெரிய மீன் வித்த காசெல்லாம் அவன்ட கையிலதான் குடுத்து அனுப்புறன். ஒரு பீடிக்கட்டுக்குக்கூட என்னட்டக் கேட்டிட்டுத்தான் எடுப்பான்" எண்டார். "ஊரில என்னத்துக்கு விட்டிட்டு வந்தாய் எண்டு கேட்டன். வேலை இல்லை எண்டான். வேறொண்டும் சொல்லல்ல" எண்டார். அங்க ஆருக்கும் அந்தச் சொல் தெரியாது. அங்க நீ ரெண்டு மாசம் நல்ல மனிசனா இருந்தாய். ரெண்டே மாசம்.

இவ்வளவையும் மாஸ்டருக்கு நான் பயமில்லாமச் சொல்லுவன். சொல்லைப் போடி மாத்தினான், ஊர் சுமந்துது, எங்களில ஒருத்தரும் ஒளிக்கல்ல எண்டு எழுதுங்க எண்டு சொல்லுவன். அவர் எழுதுவார். ஆனா மிச்சம் ஒண்டு கிடக்கு. அதை இந்த ஒம்பது வருசமும் நான் வாயால சொன்னதில்லை. ஆர் கேட்டாலும் வாசிக்கக் குடுப்பன் எண்டது இந்த இடம் வரைக்கும்தான்.

ஆம்புளையள் சிரிச்சு ஓய்ஞ்சாப் பிறகு அந்தப் போடி எங்களைப் பாத்து ஒண்டு சொன்னான். "மடிப்பொலி எண்டா வச்சுக்கொள்ளுங்க, நான் பறிக்கமாட்டன். வச்சுக்கொள்றவங்க அடுத்த வெட்டுக்கு என்ட வயல்வட்டைப் பக்கம் வரத் தேவையில்லை." அவ்வளவுதான். கொட்டு எண்டு அவன் சொல்லல்ல. பொன்னியக்கா அசையாம நிண்டா, மற்றவங்க ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாத்தாங்க. அஞ்சு பேரில முதல் குனிஞ்சது நான். புரிக்கு உள்ள என்ட மடியை உதறினன். உதறிப்போட்டு, "எங்களுக்கு வேணாம் போடியார், பொடியன் தெரியாமக் கொட்டிப்போட்டான்" எண்டன். நான் உதற மற்றவங்களும் உதறினாங்க. பொன்னியக்காதான் கடைசி. எல்லாம் உன்ட காலடியில விழுந்துது.

போடி எவ்வளவு சிரிச்சாலும் அது பகிடிதான் மனே. பொலி எங்கட மடியிலயே இருந்திருந்தா, பின்னேரம் அதைக் குத்திச் சோறாக்கித் திண்டிருந்தா, அந்தப் பகிடி ரெண்டு நாளில செத்திருக்கும். உரிமையானதை ஆரும் திருப்பிக் கொட்டுவாங்களா? நான் கொட்டினன். தாயே கொட்டினாப் பிறகு ஊர் வேற என்னெண்டு நினைக்கும்? அந்தச் சொல்லைக் களவாக்கினது அவன்ட வாயில்லை, என்ட மடி. அடுத்த வெட்டுக்கும் அந்த வட்டையில எனக்கு வேலை கிடைச்சுது, உனக்குக் கிடைக்கல்ல. அதில கிடைச்சதை வச்சு நான் ஆக்கின சோத்தை நீ ஒண்டும் கேளாமத் திண்டாய்.

ஊரில இதைக் கண்டவங்கள் இப்ப இல்லை எண்டு சொல்லலாம். கணவதி அண்ணனும் போயிட்டார், பொன்னியக்காக்கு நினைவு தப்பிட்டு, மற்றவங்க வாய் திறக்கமாட்டாங்க, அவங்களும்தானே உதறினாங்க. சிரிச்ச ஆம்புளையளுக்கு அந்தப் பகிடி மட்டும்தான் நினைவிருக்கு. நான் சொல்லாட்டி மாஸ்டர்ட புத்தகத்தில உன்ட பக்கம் சுத்தமா வரும். சொன்னா, அந்தக் கூப்பன் கடைக்காரன், "பாத்தீங்களா, களவில்லாட்டி ஏன் தாய் திருப்பிக் கொட்டின?" எண்டு கேப்பான், எல்லாம் பழையபடி உன்ட தலையில வந்து விடியும். சொல்லாம விட்டா, கடைசியா இந்த ஊரில ஒருத்தி மடியில ஒளிச்சது உண்மையாப் போயிடும், அது நான். நீ மூண்டு வருசம் ஊரிலயும், ரெண்டு மாசம் பனிச்சங்கேணியிலயும் இதை ஒருத்தருக்கும் சொல்லாம வச்சிருந்தாய். என்னைக் காப்பாத்தத்தான் வாயை மூடினாயோ, என்னோட பேச வெறுத்து மூடினாயோ, எனக்கு இண்டைக்கும் விளங்கல்ல. விளங்கினா இந்த ரெண்டு நாளும் எனக்கு இவ்வளவு பாடில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு மாஸ்டர் வருவார். கொப்பியைத் திறந்து, "சொல்லுங்க அம்மா" எண்டு என்ட வாயைப் பாத்துக்கொண்டிருப்பார். நான் கொட்டினதையும் சொல்லட்டா மனே, விடட்டா?